முதலில் வெட்டிப் பாருங்கள்: உலோக அச்சில் பிழை நீக்கும் வழிமுறை

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கில் உலோகத்தை 3டி முறையில் அச்சடிக்கும் பட்டறையா என்று வெளியூர்க்காரர்கள் இன்னும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பக்கத்தில், மெர்போக் போகும் வழியிலுள்ள சுங்கை பத்துவில், பழங்கால இரும்பு உருக்கு உலைகளின் மிச்சமும் களிமண் ஊதுகுழாய்களும் மண்ணுக்கடியிலிருந்து வந்திருக்கின்றன. இந்தப் பக்கத்துக்கு உலோக வேலை ஒன்றும் புதுசில்லை. இப்போது செம்பனை எண்ணெய் ஆலைக்காரர்கள் ஸ்பிரே நாசில், பம்பு உதிரி என்று வருகிறார்கள். கூலிம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஃபிக்சரும் பிளாஸ்டிக் மோல்டுக்கான இன்சர்ட்டும் வேண்டும். ஆர்டர் வருகிறது, கூடவே பிழையும் வருகிறது.

இந்தக் குறிப்பு, தூளைப் பரப்பி லேசரால் உருக்கும் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு. 15 முதல் 45 மைக்ரான் வரையுள்ள உலோகத் தூளை 30, 40 மைக்ரான் லேயராகப் பரப்பி, ஒன்றன்மேல் ஒன்றாக உருக்கி ஏற்றும் வகை. கம்பியை உருக்கிக் கட்டும் மெஷினுக்கு இதில் பாதி பொருந்தாது.

பாகம் கெட்டவுடன் எல்லார் கையும் பாராமீட்டர் திரைக்குத்தான் போகிறது. "அண்ணே, பவர் கொஞ்சம் ஏத்திரலாமா?" என்று பையன்கள் கேட்பார்கள். போன வாரம் நல்ல பாகம் கொடுத்த அதே பாராமீட்டர் இந்த வாரம் கெட்ட பாகம் கொடுத்தால், மாறியது வேறு ஏதோ. தூள், வாயு ஓட்டம், லேசர் வெளிவரும் கண்ணாடி, தூளைப் பரப்பும் பிளேடு, இந்த நாலில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் பவரை ஏற்றினால், ஒரு பிழை மறைந்து அதன் இடத்தில் இன்னொன்று முளைக்கும்.

எதையும் தொடுவதற்கு முன் இரண்டு விஷயம் எழுதிக்கொள்ளுங்கள். கடைசியாக நல்ல பாகம் வந்த பிறகு என்னென்ன மாறியது: புது டின் தூளா, ஃபில்டரா, பிளேடா, யாராவது கண்ணாடியைத் துடைத்தார்களா? அடுத்து, கெட்ட பாகம் அடித்தட்டில் எங்கே நின்றது, எந்த உயரத்தில் கெட்டது? தட்டிலிருந்து அறுத்து எடுப்பதற்கு முன்பே ஒவ்வொரு பாகத்திலும் மார்க்கரால் இடத்தின் எண்ணைப் போட்டுவிடுங்கள். அறுத்த பிறகு எது எங்கே நின்றது என்று சாமி வந்துதான் சொல்ல வேண்டும்.

தூளைக் கையில் எடுப்பதற்கு முன்

அலுமினியத் தூளும் டைட்டானியத் தூளும் தீப்பிடிக்கும். காற்றில் மிதந்தால் வெடிக்கவும் செய்யும். சாதாரண வேக்குவம் கிளீனரால் உறிஞ்சாதீர்கள். இதற்கென்று நீர் வழியாகத் தூளைப் பிடிக்கும் வகை இருக்கிறது. தீ வந்தால் தண்ணீரோ கரியமில வாயு சிலிண்டரோ கூடாது. உலோகத் தீக்கான டி வகுப்பு அணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஃபில்டரில் சேரும் கரும்புகைத் தூள் மூலத் தூளைவிட மோசம். காற்றுப் பட்டவுடன் பற்றக்கூடியது. மெஷின்காரர் சொன்ன முறை தவிர வேறு வழியில் அதைக் கழற்ற வேண்டாம். துகள் ஃபில்டர் உள்ள முகமூடி, கையுறை, எர்த் வயர் மூன்றும் எப்போதும். ஸ்டெயின்லெஸ் தூள் இந்த அளவுக்குச் சீறாது. ஆனால் அதில் நிக்கலும் குரோமியமும் இருக்கிறது, நுரையீரலுக்கு நல்லதில்லை.

அறிகுறி: வெட்டிப் பார்த்தால் உள்ளே துளை

இதுதான் பெரிய தலைவலி, அதனால் இதற்கே அதிக இடம் கொடுக்கிறேன்.

சாம்பிள் கட்டையை நெடுக்காக, அதாவது லேயர்கள் அடுக்கிய திசை தெரியும்படி வெட்டுங்கள். ரெசினில் பதித்து, 220 தொடங்கி 1200 வரை எமரி தாளில் தேய்த்து, பிறகு 3 மைக்ரான், 1 மைக்ரான் டயமண்ட் பேஸ்ட்டில் பாலிஷ். அவசரப்படக் கூடாது. அலுமினியம் போன்ற மிருதுவான உலோகம் பாலிஷ் போடும்போது இழுபட்டுத் துளையின் வாயை மூடிக்கொள்ளும். துளையே இல்லை என்று சந்தோஷமாக எழுதிவிடுவோம். பாலிஷ் போட்டு, பார்த்து, இன்னும் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். துளையின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால் பாலிஷ் இன்னும் முடியவில்லை. அப்புறம் 50 அல்லது 100 மடங்கு பெரிதாக்கும் சாதாரண மைக்ராஸ்கோப் போதும். அமிலம் வைக்கவே தேவையில்லை. துளையின் வடிவம்தான் வேண்டும்.

வடிவம் மூன்று வகை.

கோணல்மாணலாக, தட்டையாக, லேயருக்கு இணையாகப் படுத்திருக்கும் துளை. ஓரம் கூராக இருக்கும். உள்ளே உருகாத தூள் மணிகள்கூட உட்கார்ந்திருக்கும். இது உருகல் போதாமல் வந்தது. லேசர் புது லேயரை உருக்கியது, ஆனால் கீழே உள்ள லேயரோடு சேர்த்து உருக்கவில்லை. துளை பாகம் முழுக்கப் பரவியிருந்தால் முதல் சந்தேகம் கண்ணாடி மேல். அதில் படிந்த புகை லேசரை உள்வாங்கிக்கொள்ளும். போதாததற்குச் சூடேறி ஃபோகஸையும் நகர்த்தும். பவர் மீட்டரை அடித்தட்டின் உயரத்தில் வைத்து அளந்து பாருங்கள். திரையில் 200 வாட் என்று இருப்பதும் தூளில் 200 வாட் விழுவதும் ஒன்று என்று நம்ப வேண்டாம். துளை ஒரே உயரத்தில் மட்டும் வரிசையாக இருந்தால், அந்த லேயரில் தூள் பரவியதில் கோளாறு. ஒரு லேயரில் தூள் விழாமல் பள்ளமாகி, அடுத்த லேயரில் இரட்டிப்பாக நிரம்பியிருக்கும். இரட்டைப் பருமனை ஒற்றை லேசரால் உருக்க முடியாது. அடித்தட்டின் ஒரு பக்கத்துப் பாகங்களில் மட்டும் என்றால் வாயு ஓட்டம். அதற்குக் கீழே தனியாக வருகிறேன்.

உருண்டையான, கொஞ்சம் பெரிய துளை, உருகுகுளத்தின் (லேசர் பட்டு உலோகம் உருகி நிற்கும் குட்டையின்) அடியில் ஆழமாக இருந்தால் கதை நேர்மாறு. சூடு அதிகம். உலோகம் ஆவியாகி, லேசர் ஒரு குழியைத் துளைத்துக்கொண்டு இறங்கி, அந்தக் குழி மூடும்போது அடியில் வாயு மாட்டிக்கொள்கிறது. இந்த வகை பாகத்தின் தோலுக்குக் கொஞ்சம் உள்ளே வரிசையாக நின்றால், லேசர் ஒவ்வொரு கோட்டின் முனையிலும் திரும்பும்போது வேகம் குறைகிறது, பவர் குறையவில்லை என்று பொருள். மெஷினில் ஸ்கைரைட்டிங் என்ற வசதி இருந்தால் அதைப் போடுங்கள். திரும்புகிற வேளையில் லேசர் அணைந்திருக்கும். பவரை மொத்தமாகக் குறைக்கத் தேவையிருக்காது.

மூன்றாவது, சின்னச் சின்ன உருண்டைகள், எல்லா இடத்திலும், எந்த ஒழுங்கும் இல்லாமல். இது தூளோடு வந்த வாயு. ஆர்கான் ஊதித் தயாரித்த தூளில் சில மணிகள் உள்ளே பொந்தாக இருக்கும். சந்தேகம் தீர, கொஞ்சம் தூளையே ரெசினில் கலந்து உறையவைத்துப் பாலிஷ் போட்டுப் பாருங்கள். பொந்து மணி கண்ணுக்கே தெரியும். அப்படியானால் லேசரை எப்படித் திருப்பினாலும் பயன் குறைவு, சப்ளையரிடம்தான் பேச வேண்டும். தூள் மணி கெட்டியாக இருந்து, பாகம் அலுமினியம் என்றால் ஈரம். தூளில் ஒட்டிய ஈரத்திலிருந்து ஹைட்ரஜன் பிரிந்து உருகிய அலுமினியத்தில் கரைந்து, உறையும்போது வெளியேற வழியில்லாமல் குமிழாக நின்றுவிடும்.

ஆற்றல் கணக்கு ஒன்று எல்லாரும் போடுகிறார்கள்: பவரை வேகம், கோடுகளின் இடைவெளி, லேயர் பருமன் மூன்றின் பெருக்கலால் வகுப்பது. 200 வாட், நொடிக்கு 800 மில்லிமீட்டர், இடைவெளி 0.1, லேயர் 0.03 என்றால் ஒரு கன மில்லிமீட்டருக்கு 83 ஜூல். ஒப்பிட்டுப் பார்க்க வசதிதான். ஆனால் 400 வாட்டும் 1600 மில்லிமீட்டர் வேகமும் போட்டாலும் அதே 83தான் வரும். உருகுகுளமோ வேறு மாதிரி இருக்கும். அந்த ஒரு எண்ணை மட்டும் நம்பிப் பாராமீட்டரை மாற்றுபவர்களோடு எனக்கு ஒத்துவராது.

அறிகுறி: அடர்த்தி 99.9 என்று வருகிறது, வெட்டினால் துளை

தண்ணீரில் எடை போட்டு அடர்த்தி பார்க்கும் முறையில் ஒரு பொறி இருக்கிறது, நம் ஊர் வெயிலுக்கே உரியது. 316 எல் ஸ்டெயின்லெஸ் கட்டை, காற்றில் 39.850 கிராம், தண்ணீரில் 34.860 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 4.990. தண்ணீரின் அடர்த்தியை 1 என்று எடுத்தால் கட்டையின் அடர்த்தி 7.986. முழு அடர்த்தி 7.99 என்றால் 99.95 சதவீதம், பிரமாதம். ஆனால் பட்டறைத் தண்ணீர் 30 டிகிரியில் இருக்கிறது. அந்த வெப்பத்தில் தண்ணீரின் அடர்த்தி 0.9957. திருத்திப் போட்டால் 7.952, அதாவது 99.5 சதவீதம். பாஸ் என்று நினைத்த கட்டை எல்லைக்கோட்டில் நிற்கிறது. தண்ணீரில் தெர்மாமீட்டர் வையுங்கள், அட்டவணையைச் சுவரில் ஒட்டுங்கள்.

கட்டை மேல் ஒட்டும் காற்றுக் குமிழ் இன்னொரு எதிரி. அது அடர்த்தியைக் குறைத்துக் காட்டும். ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டால் போகும். வெளிப்புறத்துக்குத் திறந்திருக்கும் துளைக்குள் தண்ணீர் புகுந்தால், அந்தத் துளை கணக்கிலேயே வராது. அதனால்தான் எடையோடு நிறுத்தாமல் ஒரு கட்டையையாவது வெட்டச் சொல்கிறேன்.

அறிகுறி: தூள் சரியாகப் பரவவில்லை

கேமராவில் லேயரைப் பாருங்கள். பிளேடு ஓடும் திசையில் நேர்கோடாக ஒரே இடத்தில் வரி விழுந்தால் பிளேடில் பல் விழுந்திருக்கிறது. விரல் நகத்தை ஓட்டினாலே தட்டும். மாற்றுங்கள், வேறு ஆராய்ச்சி வேண்டாம்.

வரி இல்லாமல் திட்டுத் திட்டாக, ஈர மாவு சல்லடையில் நிற்பதுபோல் தூள் கட்டிகட்டியாக நின்றால், அது வேறு கதை. மழை நாளில் இங்கே வெளியே 32 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் சாதாரணம். அந்தக் காற்றின் பனிநிலை, அதாவது ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பம், சுமார் 28 டிகிரி. ஏர்கோன் அறையில் 23 டிகிரியில் வைத்திருந்த தூள் டின்னை நேராக மெஷின் கூடத்துக்குக் கொண்டுவந்து மூடியைத் திறந்தால் என்ன ஆகும்? ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த குளிர்பான டின் வியர்க்கிற அதே காரியம் தூளுக்குள்ளே நடக்கும். டின் கூடத்தின் வெப்பத்துக்கு வரும்வரை மூடியைத் தொடக்கூடாது. இரவில் சிக்கனம் பார்த்து ஏர்கோனை அணைத்துவிட்டுப் போகும் பட்டறைகளில் தூள் ஒவ்வொரு நாளும் இந்த ஏற்ற இறக்கத்தில் மாட்டுகிறது. என்னைக் கேட்டால், மின்கட்டணத்தில் மிச்சம் பிடிப்பது தூளில் போய்விடுகிறது.

சோதனை எளிது. ஹால் புனல் என்ற 2.54 மில்லிமீட்டர் துளையுள்ள புனலில் 50 கிராம் தூள் இறங்க எத்தனை நொடி என்று பார்ப்பது. ஏஎஸ்டிஎம் பி 213 என்ற சோதனைத் தரம் சொல்வது இதைத்தான். நம் மெஷினுக்குரிய நுண்தூள், அதிலும் அலுமினியம், அதில் இறங்காமலே நிற்கலாம். அப்போது 5 மில்லிமீட்டர் துளையுள்ள கார்னி புனல். வெறும் நொடிக் கணக்கு ஒன்றும் சொல்லாது. நன்றாக ஓடிய பழைய லாட்டிலிருந்து சீல் வைத்து எடுத்துவைத்த தூளோடு, அதே நாளில், அதே அறையில் ஒப்பிடுங்கள். பக்கத்திலேயே அன்றைய ஈரப்பதத்தையும் எழுதுங்கள்.

ஈரம்தான் என்று தெரிந்தால் வேக்குவம் அவனில் சுமார் 80 டிகிரியில் சில மணி நேரம் உலர்த்தலாம். சப்ளையரின் தாளில் வேறு எண் இருந்தால் அதுவே சரி. அலுமினியத்தையும் டைட்டானியத்தையும் வேக்குவத்திலோ ஆர்கானிலோ தவிர சூடாக்காதீர்கள். தூள் அறையில் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வேலை நடக்கும். ரொம்ப வறண்டு போனாலும் மின்னேற்றம் சேரும், அதனால் எர்த்தை மறக்க வேண்டாம்.

உலர்த்தியும் ஓடவில்லை என்றால், திரும்பத் திரும்பப் பயன்படுத்திய தூளில் பெரிய மணிமேல் ஒட்டிய துணைமணிகளும் தெறித்து விழுந்த குண்டுமணிகளும் சேர்ந்திருக்கும். 63 மைக்ரான் சல்லடையில் சலியுங்கள். டைட்டானியம் என்றால் சலிப்பதோடு முடியாது. ஒவ்வொரு சுற்றிலும் ஆக்சிஜன் ஏறும். 5ஆம் கிரேடு டைட்டானியத்துக்கு வரம்பு 0.20 சதவீதம், 23ஆம் கிரேடுக்கு 0.13. வரம்பைத் தாண்டினால் பாகம் பார்க்க நன்றாக இருக்கும், வளையாமல் உடையும். ஆக்சிஜன் அளக்க லேப் வேண்டும். நம் பட்டறையில் முடியாது. காசு கொடுத்து அனுப்புங்கள்.

அறிகுறி: ஒரு மூலையில் நின்ற பாகங்கள் மட்டும் கெடுகின்றன

வாயு அறைக்குள் ஒரு பக்கத்திலிருந்து வந்து மறுபக்கம் போகிறது. புகையையும் தெறிப்பையும் அள்ளிக்கொண்டு போவது அதன் வேலை. ஃபில்டர் அடைத்தால் ஓட்டம் தளரும், தெறிப்பு வெளியேறும் பக்கத்துப் பாகங்கள்மேல் விழும். தெறித்த மணி லேயரைவிடப் பருமனாக இருந்தால் அந்த இடம் சரியாக உருகாது.

ஒரே மாதிரி சின்னக் கட்டைகளை அடித்தட்டில் ஒன்பது இடத்தில், மூன்றுக்கு மூன்றாக, அச்சடித்து ஒவ்வொன்றையும் வெட்டிப் பாருங்கள். வெளியேறும் பக்கம் மட்டும் மோசம் என்றால் ஃபில்டரை மாற்றி, ஊதும் துளைகளைச் சுத்தம் செய்யுங்கள். அச்சடிக்கும் வரிசையையும் சரிபாருங்கள்: வெளியேறும் பக்கத்துப் பாகத்தில் தொடங்கி, வாயு வரும் பக்கம் நோக்கிப் போக வேண்டும். அப்போது புகை ஏற்கெனவே முடிந்த இடத்தின்மேல் போகும். அதுவரை முக்கியமான பாகத்தை அந்த மூலையில் வைக்காதீர்கள்.

வாயு விஷயத்தில் இன்னொன்று. ஸ்டெயின்லெஸுக்கு நைட்ரஜன் போதும், மலிவு. டைட்டானியத்துக்கு நைட்ரஜன் விஷம். அதோடு கூடி பாகத்தை நொறுங்கவைக்கும். ஆர்கான்தான்.

அறிகுறி: ஓரம் தூக்குகிறது, பிளேடு இடிக்கிறது, சப்போர்ட் பிய்கிறது

மூன்றும் ஒரே குடும்பம். ஒவ்வொரு லேயரும் உறைந்து சுருங்கும்போது கீழே உள்ளதை இழுக்கிறது. இழுப்பு சேர்ந்து சேர்ந்து மூலையைத் தூக்குகிறது. அகலமான தட்டைப் பரப்பு அடித்தட்டில் படுத்திருந்தால் மோசம். பாகத்தைச் சாய்த்து வைத்தால் ஒரு லேயரில் உருகும் பரப்பு குறையும். மூலைகளில் பாகத்தைத் தட்டோடு பிடித்து நிற்கக் கூடவே அச்சடிக்கும் சப்போர்ட் மெல்லியதாக இருந்தால் போதாது, கெட்டியாகப் போடுங்கள். லேசர் கோடுகளை லேயருக்கு லேயர் 67 டிகிரி திருப்புங்கள். அந்த எண்ணில் மந்திரம் எதுவுமில்லை. அதே திசை சீக்கிரம் திரும்ப வராது, அவ்வளவுதான்.

தொங்கும் பரப்பு கிடைமட்டத்திலிருந்து 45 டிகிரிக்குக் குறைவாகச் சாய்ந்தால் ஓரம் சுருளும், பிளேடு இடிக்கும். இரும்பு பிளேடுக்குப் பதில் சிலிகோன் பிளேடு போட்டால் இடித்தாலும் வேலை நிற்காது என்று பலர் மாறுகிறார்கள். உண்மைதான், ஆனால் சிலிகோன் தேயும், வளைந்து கொடுத்து லேயர் பருமனை மாற்றும். இடிக்கிற காரணத்தைத் தீர்க்காமல் பிளேடை மட்டும் மாற்றுவது எனக்குப் பிடிக்காது.

அச்சடித்து முடிந்ததும் பாகத்தை உடனே அறுக்காதீர்கள். அடித்தட்டோடு சேர்த்து வெப்பத்தில் இறுக்கம் தளர்த்திய பிறகுதான் அறுக்க வேண்டும். இல்லையென்றால் மின் கம்பியால் அறுக்கும் வயர்கட் பாதியிலேயே பாகம் வளைந்து கம்பியைக் கடித்துக்கொள்ளும். 10 சதவீத சிலிக்கான் கலந்த அலுமினியத்துக்கு 300 டிகிரி, 2 மணி நேரம் வழக்கம். டைட்டானியம் வேக்குவத்திலோ ஆர்கானிலோ 650 முதல் 800 டிகிரிக்குள். 316 எல் கொஞ்சம் சிக்கல்: குறைந்த வெப்பத்தில் ஓரளவுதான் தளரும், 900 டிகிரியைத் தாண்டினால் நன்றாகத் தளரும், ஆனால் அச்சடித்த பாகத்துக்கே உரிய கூடுதல் வலு இறங்கிவிடும். எது வேண்டும் என்று வாடிக்கையாளரிடம் முதலிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வளைவு இல்லாமல் வெடிப்பே வருகிறதா? தூள் என்னவென்று பாருங்கள். 6061, 7075 அலுமினியம் உறையும்போதே வெடிக்கும் ஜாதி. சாதாரணத் தூளில் பாராமீட்டர் தேடி மாதக்கணக்கில் அலைய வேண்டாம். "வழக்கமா இதைத்தானே மில்லிங் பண்ணித் தருவீங்க" என்று வாடிக்கையாளர் கேட்டால், மில்லிங் வேறு, இது வேறு, சிலிக்கான் கலந்த அலுமினியத்தில் செய்து தருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். எச்13 டூல் ஸ்டீலும் தட்டை நன்றாகச் சூடேற்றாமல் செய்தால் வெடிக்கும். வெப்பத்தில் வைத்து வன்மை ஏற்றும் மராஜிங் ஸ்டீலில் கார்பன் மிகக் குறைவு, அதனால் தொல்லை கம்மி.

அறிகுறி: பக்கச் சுவரில் ஒரே உயரத்தில் கோடு

மதியம் இடி மழை, மின்சாரம் ஒரு சிமிட்டு சிமிட்டியது, மெஷின் நின்றது. யாரோ திரும்பப் போட்டார்கள், வேலை தொடர்ந்தது, காலையில் பாகத்தில் கோடு. இங்கே இது அடிக்கடி நடக்கிற கூத்து.

கோடு ஏன் வருகிறது என்று ஒரு கணக்குப் போடுவோம். தட்டு 80 டிகிரியில் இருந்தது. நின்றபோது 28 டிகிரிக்கு இறங்கியது. 25 மில்லிமீட்டர் பருமனுள்ள ஸ்டெயின்லெஸ் தட்டு, அதன்மேல் 60 மில்லிமீட்டர் உயரப் பாகம், மொத்தம் 85. ஸ்டெயின்லெஸ் ஒரு மில்லிமீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, 16 நானோமீட்டர் சுருங்கும். பெருக்கினால் 70 மைக்ரான். பாகத்தின் தலை 70 மைக்ரான் கீழே இறங்கிவிட்டது. அதன்மேல் 30 மைக்ரான் லேயர் போடுகிறேன் என்று மெஷின் நினைக்கும். உண்மையில் 100 மைக்ரான் தூள் விழும். அது உருகாது. வெளியே தெரிவது கோடு, உள்ளே இருப்பது முன்னே சொன்ன தட்டைத் துளைகள், பாகத்தின் முழுக் குறுக்குவெட்டிலும்.

ஆகவே மெஷின் நின்றால் கதவைத் திறக்காமல், உள்ளிருக்கும் வாயுவை வெளியே விடாமல், தட்டைப் பழைய வெப்பத்துக்குக் கொண்டுவந்து, சூடு மேல்வரை ஏறக் காத்திருந்து, பிறகுதான் தொடர வேண்டும். நின்ற லேயர் எண்ணைப் பாகத்தின் பதிவில் எழுதுங்கள். அழுத்தம் தாங்கும் பாகம், சுழலும் பாகம் என்றால் தொடரவே வேண்டாம், தூக்கிப் போடுங்கள். மெஷினுக்கு யுபிஎஸ் இல்லாமல் இந்தப் பக்கம் நீண்ட வேலை ஏற்றுவது சூதாட்டம்.

அறிகுறி: அளவு தப்புகிறது

20 மில்லிமீட்டர், 100 மில்லிமீட்டர் என்று இரண்டு நீளம் உள்ள ஒரு சோதனைப் பாகம் போடுங்கள். இரண்டிலும் பிழை ஒரே அளவு என்றால் லேசர் புள்ளியின் அகலத்துக்காகக் கோட்டை உள்ளே தள்ளும் ஆஃப்செட் தப்பு; வெளி அளவு பெரிதாகவும் துவாரம் சிறிதாகவும் வரும். 100இல் பிழை 20இல் உள்ளதைப்போல் ஐந்து மடங்கு என்றால் ஸ்கேல் தப்பு. கிடைமட்டத் துவாரத்தின் மேல்பக்கம் மட்டும் தொங்கினால் இரண்டும் இல்லை. துவாரத்தைக் கண்ணீர்த்துளி வடிவில் வரைந்து, பிறகு டிரில் போடுங்கள்.

அறிகுறி: வலு வருகிறது, நீட்சி வரவில்லை

இழுத்துப் பார்க்கும் சோதனையில் அச்சடித்த 316 எல் 450, 500 மெகாபாஸ்கலில்தான் நிரந்தரமாக நெகிழத் தொடங்கும். தகடாக வாங்கும் 316 எல்லுக்குக் குறைந்தபட்சம் 170 இருந்தால் போதும். அந்த எண்ணைப் பார்த்து வாடிக்கையாளர் மயங்கிவிடுவார். நீங்கள் மயங்காதீர்கள், நிமிர்த்தி அச்சடித்த கம்பியின் நீட்சியைப் பாருங்கள். படுக்கவைத்து அச்சடித்த கம்பி 40 சதவீதம் நீள்கிறது, நிமிர்ந்தது அதில் பாதிகூட இல்லை என்றால் லேயர்களுக்கு நடுவே ஒட்டாத இடம் இருக்கிறது.

உடைந்த முகத்தைக் கைலென்ஸில் பாருங்கள். நல்ல உடைவு சாம்பல் நிறத்தில், மங்கலாக, நாரிழுத்த மாதிரி இருக்கும். கெட்டதில் அங்கங்கே வழவழப்பான திட்டு மின்னும். அந்தத் திட்டுக்குள் உருண்டை மணிகள் அப்படியே இருக்கும். அவை உருகாமல் தப்பிய தூள். அவற்றைப் பார்த்துவிட்டால் லேப் அறிக்கைக்குக் காத்திருக்க வேண்டாம், முதல் அறிகுறிக்கே திரும்பிப் போய்க் கண்ணாடியிலிருந்து ஆரம்பியுங்கள்.

உயர் அழுத்தத்தில் சூடாக்கித் துளையை மூடும் ஹிப் முறைக்கு அனுப்பலாமா என்று கேட்பார்கள். டைட்டானியத்துக்குச் சுமார் 920 டிகிரி, 100 மெகாபாஸ்கல், 2 மணி நேரம். உள்ளே மூடிய துளை பெரும்பாலும் அமுங்கும். தோல்வரை திறந்த துளை அமுங்காது, வாயு இரண்டு பக்கமும் இருக்கிறதே. உள்ளே ஆர்கான் மாட்டிய துளை அமுங்கினாலும் பிறகு வெப்பப் பக்குவம் செய்தால் திரும்ப வீங்கலாம். கெட்ட அச்சைத் திருத்த அந்தச் செலவு வீண். நல்ல அச்சை உறுதிப்படுத்தத்தான் அது.

அறிகுறி: மராஜிங் இன்சர்ட் மெத்தென்று இருக்கிறது

அச்சடித்தவுடன் ராக்வெல் சி அளவில் 33 முதல் 37 வரை இருப்பது இயல்பு. 490 டிகிரியில் 6 மணி நேரம் வைத்தால் 50க்கு மேல் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் உலையின் திரையை நம்பாமல், பாகத்தோடு ஒட்டித் தெர்மோகப்பிள் வைத்து அளங்கள். வெப்பம் அதிகமாகிப் போனாலும் வன்மை இறங்கும், அதனால் சும்மா இன்னும் கொஞ்ச நேரம் போடுவது வைத்தியம் ஆகாது.

அறிகுறி: ஸ்டெயின்லெஸ் பாகத்தில் துரு

"ஸ்டெயின்லெஸ்னு சொல்லித்தானே காசு வாங்கினீங்க" என்று ஆலைக்காரர் நாசிலைத் திருப்பிக் கொண்டுவருவார். பெரும்பாலும் 316 எல்மேல் குற்றம் இருக்காது. சப்போர்ட்டைச் சாதாரண இரும்பு பிரஷால் தேய்த்தது, சாதாரண இரும்பு வேலைக்குப் பயன்படுத்திய மணலிலேயே பிளாஸ்ட் செய்தது, இதற்குமுன் மராஜிங் ஓடிய மெஷினைச் சரியாகச் சுத்தம் செய்யாதது, இவற்றில் ஒன்றாக இருக்கும். தோலில் ஒட்டிய இரும்புத் துகள் துருப்பிடித்து, பாகமே துருப்பிடித்த மாதிரி காட்டுகிறது.

கரடுமுரடான தோலில் இந்தத் துகள் நன்றாக ஒளிந்துகொள்ளும். ஸ்டெயின்லெஸுக்குத் தனி பிரஷ், தனி பிளாஸ்ட் பெட்டி வைத்துக்கொள்ளுங்கள், கடன் கொடுக்காதீர்கள். முடிந்த பாகத்தை நன்றாகக் கழுவி, எண்ணெய் நீக்கி, ஏஎஸ்டிஎம் ஏ 967 சொல்லும்படி நைட்ரிக் அல்லது சிட்ரிக் அமிலத்தில் பாசிவேட் செய்யுங்கள், அதாவது தோலில் ஒட்டிய இரும்பைக் கரைத்து எடுங்கள். சின்னப் பட்டறைக்கு சிட்ரிக்தான் தோதானது. வெப்பப் பக்குவத்தில் வந்த நீலம், பழுப்பு நிறம் பாசிவேஷனில் போகாது, அதை முதலில் கடுமையான அமிலத்தில் முக்கும் பிக்கிளிங்கோ பாலிஷோ செய்து எடுக்க வேண்டும். டெலிவரிக்கு முன் ஒரு பாகத்தை ஈரத் துணியில் சுற்றி ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் துணியில் பழுப்புப் புள்ளி தெரிந்தால் லோரியில் ஏற்றாதீர்கள், தொட்டிக்கே திருப்பி அனுப்புங்கள்.